ஆம்ஸ் மீட்டர் முள்ளைப் பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடன் வாங்குறது, கணக்குப் புத்தகம் எழுதுறது, பொருளை விக்கிறது பத்தியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு மெஷின் பராமரிப்பு. அதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். ஓடிக்கிட்டு இருக்கிற மோட்டார் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு பாத்துக்கிட்டே ஓட்டுறது எப்படி, அதுதான்.

நம்ம கூட்டமைப்புல மாவு மில் நடத்துற குழு இருக்கு. மரச்செக்கு போட்டிருக்கிற குழு இருக்கு. பாக்குமட்டைத் தட்டு, கயிறு திரிக்கிறதுன்னு ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு தொழில். மெஷின் வேற வேற. ஆனா எல்லாத்துக்கும் பின்னால ஒரு மோட்டார் இருக்கு. அது ஓடினாத்தான் தவணை கட்ட முடியும். மோட்டார் கருகிப்போனா மெஷின் நிக்கும், தவணை நிக்காது.

எங்க குழுவுக்கு இது நடந்தது. எங்களுது மாவு மில். மிளகாய், மல்லி, மஞ்சள், கேழ்வரகு, அரிசி எல்லாம் அரைக்கிற பல்வரைசர். 10 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். பங்குனி மாசம், வருசத்துக்கும் சேத்து மிளகாய்த்தூள் அரைச்சு வைக்கிற நேரம். வாசல்ல டப்பா வரிசையா நிக்கும். அந்தச் சமயத்துல ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பிச்சது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுவாங்க, ஓடும், மறுபடி விழும். அரைக்க வந்த ஒருத்தர், கரண்டு வேலை தெரிஞ்சவர், பெட்டியைத் திறந்து பாத்தார். "மோட்டார்ல 14.5 ஆம்ஸ்னு போட்டிருக்கு, இங்க ரிலேல 8.4-ல வச்சிருக்காங்க, அதான் விழுது"ன்னு சொல்லி, டயலைக் கடைசி வரைக்கும், 10-க்குத் திருப்பி விட்டுட்டுப் போனார். நல்ல எண்ணத்துலதான் செஞ்சார். அதுக்கப்புறம் ட்ரிப் ஆகல. எல்லாருக்கும் சந்தோசம். மூணாவது வாரம் மில்லுக்குள்ள வார்னிஷ் கருகுற வாடை வந்தது. புகை வந்தது. மோட்டார் போச்சு.

ரீவைண்டிங் கூலி, காப்பர் கம்பி, மோட்டாரை ஏத்தி இறக்கின வண்டி வாடகை, இதோட சீசன்ல 9 நாள் மில் பூட்டிக் கிடந்தது. அந்த மாசத் தவணையைச் சேமிப்பில இருந்து எடுத்துத்தான் கட்டினோம். பணத்தை விட ஊர்ப் பேச்சுதான் பெரிசா இருந்தது. "பொம்பளைங்க கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான்"னு சொன்னாங்க. குழுக் கூட்டத்துலயே ரெண்டு பேர், மில்லை யாருக்காவது வாடகைக்கு விட்டுடலாம்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க.

மில்லுல நின்னு ஓட்டின ரெண்டு பேர் மேலயும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மெஷினைக் கொண்டுவந்து இறக்கினவங்க, "பச்சை பட்டன் அமுக்கினா ஓடும், சிவப்பு அமுக்கினா நிக்கும்"னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டாங்க. பெட்டி மேல ஒரு மீட்டர் இருக்கே, அதுல ஒரு முள் ஆடுதே, அது எதுக்குன்னு யாரும் சொல்லல. வாடகைக்கு விடுறதுக்கு முன்னால ஒரு மாசம் கத்துக்கிட்டுப் பாப்போம்னு மத்தவங்க சொன்னோம். ரீவைண்டிங் கடைக்காரரையே ஆசானா வச்சுக்கிட்டோம். மோட்டாரைப் பிரிச்சப்ப நாங்க மூணு பேர் பக்கத்துலயே நின்னு பாத்தோம். அவர் சொன்னதையும், அதுக்கப்புறம் மில்லை ஓட்டி நாங்க தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இப்ப சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். மாட்டு வண்டியில பாரம் கூடினா மாடு நடையைக் குறைக்கும், நுரை தள்ளும், படுத்துக்கும். பாத்தாலே தெரியும். மோட்டார் அப்படிக் காட்டாது. எங்க மோட்டார் முழு பாரத்துல நிமிசத்துக்கு 1440 சுத்து சுத்தும். வெறுமனே ஓடும்போது ஏறக்குறைய 1490. வித்தியாசம் 50 சுத்துதான். தாங்கக்கூடியதுக்கு மேல கொஞ்சம் பாரம் ஏத்தினாக் கூட இன்னும் சில சுத்து குறையும், அவ்வளவுதான். சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிச்சுடலாம்னு நினைச்சா, மில் இரைச்சல்ல அது காதுக்கே தெரியாது. வேகத்தை விடக் கூடாதுன்னு மோட்டார் கூடுதலா கரண்டை இழுத்துக்கும். அந்தக் கூடுதல் கரண்டுதான் உள்ள இருக்கிற காயிலைச் சூடாக்குது.

சூடு எப்படி ஏறுதுன்னும் தெரிஞ்சுக்கணும். கரண்டு 2 மடங்கானா, காயில்ல உண்டாகிற சூடு 4 மடங்கு. 14.5 ஆம்ஸ் தாங்குற மோட்டார் 17.4 ஆம்ஸ் இழுத்தா, பாக்கிறதுக்கு 3 ஆம்ஸ்தான் கூட மாதிரி இருக்கும். ஆனா சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. காயில் கம்பி மேல பூசியிருக்கிற வார்னிஷ்தான் ஒரு கம்பியை இன்னொரு கம்பி தொடாம காப்பாத்துது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் அதோட ஆயுசு பாதியாகும்ங்கிறது இந்தத் தொழில்ல இருக்கிறவங்க வச்சிருக்கிற கணக்கு. அதனாலதான் எங்க மோட்டார் அன்னிக்கே கருகல. மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா வெந்துதான் போச்சு.

மோட்டார் மேல கையை வச்சுப் பாத்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது. நல்லா இருக்கிற மோட்டாரே முழு பாரத்துல கை வைக்க முடியாத சூடு இருக்கலாம். உள்ள காயில் வேகுற சூடு வெளிக்கூட்டுக்கு வர நேரமும் ஆகும். நம்பக்கூடியது ஆம்ஸ் மீட்டர் முள்தான்.

அந்த முள்ளைப் படிக்கணும்னா முதல்ல மோட்டார் மேல இருக்கிற தகட்டைப் படிக்கணும். எண்ணெயும் மாவும் படிஞ்சு மூடியிருக்கும், துடைச்சுட்டுப் பாருங்க. எச்.பி., வோல்ட், ஆம்ஸ், ஆர்.பி.எம். எல்லாம் போட்டிருக்கும். அதுல ஆம்ஸ்னு இருக்கிற எண்தான் அந்த மோட்டார் நாள் முழுக்கத் தாங்குற அளவு. எங்களுது 14.5. உங்களுது 5 எச்.பி.யா இருந்தா 7, 8 ஆம்ஸ் பக்கத்துல இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால உங்க தகட்டுல இருக்கிறதுதான் உங்களுக்குக் கணக்கு. ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. தகடு தேஞ்சு போனாலும் எண் கையில இருக்கும்.

அப்புறம் நாங்க செஞ்சது ரொம்பச் சின்ன வேலை. ஸ்டிக்கர் பொட்டு எடுத்து மீட்டர் கண்ணாடி மேல மூணு ஒட்டினோம். தானியம் போடாம வெறுமனே ஓடும்போது முள் எங்க நிக்குதோ அங்க பச்சைப் பொட்டு. எங்க மில்லுக்கு அது 6 ஆம்ஸ். 13-ல மஞ்சள் பொட்டு. 14.5-ல சிவப்புப் பொட்டு. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் இப்ப எங்க மில்லை ஓட்டுறாங்க. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல முள் ஆடினா நல்லது. மஞ்சளைத் தொட்டா ஹாப்பர் அடியில இருக்கிற தகட்டைக் கொஞ்சம் மூடணும். சிவப்பைத் தாண்டி நின்னா தானியத்தை முழுசா நிறுத்திட்டு, முள் பச்சைக்கு இறங்கினப்புறம்தான் மறுபடி விடணும்.

பட்டன் அமுக்கினதும் முள் ஒரேயடியா எகிறும். அதுக்குப் பயப்பட வேண்டாம். நேரடியா ஸ்டார்ட் ஆகிற மோட்டார் அந்தச் சில விநாடி தகட்டுல போட்டிருக்கிறதைப் போல 6 மடங்கு வரைக்கும் கரண்டு இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரா இருந்தா, தொடங்கும்போது அதுல மூணுல ஒரு பங்குதான் இழுக்கும். வேகம் பிடிச்சதும் முள் தானா இறங்கணும். இறங்கலைன்னா உடனே சிவப்பு பட்டன். இன்னொண்ணு, மெஷினுக்குள்ள தானியத்தை வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வெறுமனே ஓட விட்டு, வேகம் வந்தப்புறம் தகட்டைத் திறக்கணும். நிறுத்தும்போது முதல்ல தகட்டை மூடி, உள்ள இருக்கிறது அரைஞ்சு முடியட்டும். அப்புறம் நிறுத்துங்க.

ஒரே அளவு திறந்து விட்டாலும் பொருளுக்குப் பொருள் முள் மாறும். கேழ்வரகுக்கும் கோதுமைக்கும் முள் அலையாம நிக்கும். மிளகாய் சரியாக் காயலைன்னா சல்லடையில ஒட்டிக்கும், உள்ளேயே சுத்தும், முள் ஏறும். ஈரம் உலராத அரிசியும் அப்படித்தான். விரலி மஞ்சளை முழுசாப் போட்டா முள் குதிக்கும். உடைச்சுட்டுத்தான் போடணும். சல்லடைக் கண் சின்னதா இருந்தாலும், உள்ள இருக்கிற சுத்திகள் தேஞ்சு போயிருந்தாலும் அதே கிலோவுக்குக் கூடுதல் கரண்டு. பெல்ட்டை அளவுக்கு மேல இறுக்கினாலோ, பேரிங்ல கிரீஸ் வத்திட்டாலோ, தானியமே போடாதப்பவும் முள் பச்சைப் பொட்டைத் தாண்டி நிக்கும். செக்கு வச்சிருக்கிற அக்காமார் இதே மாதிரி பாருங்க. வெறுஞ்செக்குக்கு எவ்வளவு, எள்ளுக்கு எவ்வளவு, கடலைக்கு எவ்வளவுன்னு ஒரு வாரம் குறிச்சு வச்சாலே உங்க செக்கோட கணக்கு உங்களுக்குப் பிடிபட்டுடும்.

இப்ப ரிலேவுக்கு வரேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஓவர்லோடு ரிலேன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ரெண்டு விதமான உலோகத்தை ஒட்டிச் செஞ்ச பட்டை இருக்கு. கரண்டு கூடிச் சூடு ஏறினா ஒண்ணு அதிகமா நீளும், இன்னொண்ணு குறைவா நீளும். அதனால பட்டை வளைஞ்சு ஸ்டார்ட்டரைத் தள்ளி விடும். இதைத்தான் ட்ரிப்புங்கிறோம். இது உடனே விழாது. வச்ச அளவை விட 5 சதவீதம் கூடினா 2 மணி நேரம் வரைக்கும் விழக் கூடாது, 20 சதவீதம் கூடினா 2 மணி நேரத்துக்குள்ள விழுந்தே ஆகணும், இப்படித்தான் அதைச் செய்றாங்க. பாரம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு சீக்கிரம் விழும். பியூஸ் இந்த வேலையைச் செய்யாது. பியூஸ் இருக்கிறது ஷார்ட் ஆனா காப்பாத்த. அதனால பியூஸ் போகலையே, மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைக்காதீங்க.

ரிலே எத்தனை ஆம்ஸ்ல விழணும்னு வைக்கிறதுதான் அந்த டயல். இங்கதான் எங்க மோட்டார் போச்சு. சாதாரண ஸ்டார்ட்டர்னா தகட்டுல இருக்கிற ஆம்ஸையே டயல்ல வைக்கலாம். எங்களுது ஸ்டார்-டெல்டா. அதுல பெரும்பாலும் ரிலே மெயின் லைன்ல இருக்காது, காயிலுக்குப் போற வழியில இருக்கும். லைன்ல போற கரண்டுல 58 சதவீதம்தான் அந்த வழியாப் போகும். 14.5-க்கு 58 சதவீதம் போட்டா ஏறக்குறைய 8.4. அப்ப முதல்லயே 8.4-ல வச்சிருந்தது சரியான அளவுதான். அதை 10-க்குத் திருப்பினதும் என்ன ஆச்சு? லைன்ல 17 ஆம்ஸுக்கு மேல போனாலும் ரிலே பேசாம இருந்தது. அதுக்கு முன்னால அடிக்கடி விழுந்தது ரிலேவோட கோளாறு இல்ல. காயாத மிளகாய், அடைஞ்ச சல்லடை, சாயங்காலம் குறையுற வோல்டேஜ், வாசல்ல கூட்டம். எல்லாம் சேந்து மோட்டார் தாங்காம இருந்தது. ரிலே அதைச் சொல்லிக்கிட்டே இருந்தது.

அதனால எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். ரிலே டயல் எந்த எண்ல இருக்குதுன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கோம். எலக்ட்ரீசியன் வந்து, குழுவுல ரெண்டு பேர் முன்னாலதான் அதைத் தொடலாம். என்ன காரணத்துக்கு மாத்தினாங்க, எதுல இருந்து எதுக்கு மாத்தினாங்கன்னு எழுதணும். வேற யாரும், எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும், பெட்டியைத் திறக்கக் கூடாது.

ட்ரிப் ஆனா உடனே மறுபடி அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் காயில் சூடாகுது. கொஞ்ச நேரம் ஆற விட்டு, ஏன் விழுந்ததுன்னு பாருங்க. சல்லடை, பெல்ட், தானியத்தோட ஈரம், வோல்டேஜ், மூணு பேஸ். இந்த அஞ்சையும் பாத்தப்புறம் ஒரு தடவை ஓட்டலாம். மறுபடியும் விழுந்தா அன்னிக்கு ஓட்டவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்க.

வோல்டேஜ் பத்தி ஒரு வார்த்தை. நமக்கு வர வேண்டியது 415 வோல்ட். குறையும்போது அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்டு எடுத்துக்கும். 10 சதவீதம் குறைஞ்சா 373 ஆகும். எங்க மில்லுல 375-க்குக் கீழ போனா அரைக்கிறதில்லைன்னு முடிவு. வோல்ட் மீட்டர்லயும் அங்க ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கு. நின்னு காத்திருக்கிறவங்களும் அதைப் பாக்கலாம், நாம சாக்குச் சொல்றோம்னு நினைக்க மாட்டாங்க.

மூணு பேஸ்ல ஒண்ணு போயிடுறது இன்னும் ஆபத்து. ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு பேஸ் போனா மோட்டார் நிக்காது. மீதி ரெண்டுலயும் 1.7 மடங்கு வரைக்கும் கரண்டு இழுத்துக்கிட்டு ஒரு மாதிரி உறுமிக்கிட்டே ஓடும். நின்னுட்டா மறுபடி சுத்தாது, உறுமும். ஆம்ஸ் மீட்டர் பக்கத்துல ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதை ஆர், ஒய், பி-ன்னு மூணுக்கும் திருப்பிப் பாருங்க. மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கணும். ஒண்ணு பூஜ்யம்னா பேஸ் இல்ல, உடனே நிறுத்துங்க. ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா வயர்மேனைக் கூப்பிடுங்க. எங்கயாவது கனெக்சன் லூசா இருக்கும், இல்லை வர்ற வோல்டேஜே ஏறுமாறா இருக்கும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர்னு ஒரு சாதனம் இருக்கு. ஒரு பேஸ் போனா அதுவே மோட்டாரை நிறுத்திடும். அது இல்லாம த்ரீ பேஸ் மோட்டார் ஓட்டாதீங்க.

மோட்டாரைப் பிரிச்சப்ப ரீவைண்டிங் கடைக்காரர் ஒண்ணு காட்டினார். காயில் முழுக்கச் சுத்திலும் ஒரே மாதிரி கருகியிருந்தா, பாரம் தாங்காமப் போனது. ஒரு பகுதி மட்டும் கருகி, பக்கத்துல இருக்கிறது புதுசு மாதிரி பளபளன்னு இருந்தா, பேஸ் போய்க் கருகினது. எங்களுது சுத்திலும் கருகியிருந்தது. உங்க ஊர்ல மோட்டார் ஏதாவது கருகினா, பிரிக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க. எதனால போச்சுன்னு தெரியாம ரீவைண்டிங் பண்ணி மாட்டினா மறுபடியும் போகும்.

முள் ஏறினாத்தான் கவலைன்னு இல்ல. குறைஞ்சாலும் ஏதோ விஷயம் இருக்கு. ஹாப்பர் நிறைய தானியம் இருக்கு, முள் பச்சைப் பொட்டுல நிக்குதுன்னா, தானியம் இறங்காம மேலயே அடைச்சிருக்கும், இல்லைன்னா பெல்ட் வழுக்குது, அறுந்திருக்கு. ஆழ்குழாய்க் கிணத்து மோட்டார் பெட்டியில தண்ணி இல்லைன்னா நிறுத்துற டிரை ரன் சாதனம் வச்சிருக்காங்களே, அதுல பல வகை இதே கணக்குலதான் வேலை செய்யுது. கரண்டு குறைஞ்சா பாரம் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டு நிறுத்துது.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. வெறுமனே ஓடினாலே மோட்டார் ஒரு அளவு கரண்டு இழுக்கும். அதனால முள் பாதியில இருந்தா பாரமும் பாதின்னு கணக்குப் போட முடியாது. கம்மி பாரத்துல முள் அவ்வளவா அசையாது. முழு பாரத்தை நெருங்கும்போதுதான் ஒழுங்கா ஏறும். பெரிய தொழிற்சாலையில கரண்டோட சேத்து மோட்டார் இழுக்கிற பவரையும் அளந்து, நாம வச்ச அளவைத் தாண்டினா ஒண்ணு ரெண்டு விநாடியில நிறுத்துற கருவி வைக்கிறாங்க. நம்ம மில்லுக்கு முள்ளே போதும், பாக்கிறதுக்கு ஆள் இருந்தா.

ரிலே காப்பாத்துறது மோட்டாரைத்தான், மெஷினை இல்ல. தானியத்தோட ஒரு போல்ட்டு, ஒரு கல்லு உள்ள போச்சுன்னா, ரிலே சூடாகி விழுறதுக்குள்ள சல்லடை கிழிஞ்சிடும், சுத்தி உடைஞ்சிடும். அதுக்கு ஹாப்பர்ல காந்தம் வைக்கணும். முள் திடீர்னு குதிச்சு, வேற மாதிரி சத்தம் கேட்டா யோசிக்காம சிவப்பு பட்டனை அமுக்கணும். பட்டன் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும், மூட்டைக்குப் பின்னால இல்ல.

நாங்க ஒரு நோட்டு போட்டிருக்கோம். சேமிப்புக் கணக்கு எழுதுற மாதிரிதான். தினமும் காலையில 5 நிமிசம் வெறுமனே ஓட விட்டு, மூணு பேஸ் ஆம்ஸையும் வோல்ட்டையும் எழுதுவோம். நடுவுல என்ன அரைச்சோம், எத்தனை கிலோ, முள் எங்க நின்னது. இது ஒரு வரி. போன வருசம் அந்த நோட்டுல வெறும் ஓட்டம் 6 ஆம்ஸ்னு இருந்தது 6.4 ஆச்சு, அடுத்த மாசம் 7.1 ஆச்சு. ஒரு நாள் மட்டும் பாத்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வரிசையா எழுதி வச்சதால தெரிஞ்சது. பெல்ட்டைக் கழட்டி மோட்டாரை மட்டும் தனியா ஓட்டிப் பாத்தோம், எப்பவும் மாதிரிதான் இருந்தது. அப்ப கோளாறு மெஷின் பக்கம்னு புரிஞ்சது. பல்வரைசர் பேரிங் தேஞ்சிருந்தது. பேரிங் விலையோட அது முடிஞ்சது.

மீட்டர் இல்லாத குழுக்கள் டாங் டெஸ்டர்ல அளக்கலாம். கம்பியை அறுக்காம, சுத்திப் பிடிச்சாலே ஆம்ஸ் காட்டும். ஒவ்வொரு கம்பியாத்தான் பிடிக்கணும். மூணையும் சேத்துப் பிடிச்சா பூஜ்யம் காட்டும், கரண்டே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. பெட்டியைத் திறந்து அளக்கிறது எலக்ட்ரீசியன் வேலை, நாம பக்கத்துல நின்னு எண்ணை எழுதிக்குவோம்.

பாதுகாப்புக்கு ரெண்டு வார்த்தை. பெல்ட்டுக்கு மூடி இல்லாம ஓட்டாதீங்க. முந்தானையை இடுப்புல செருகிக்குங்க, தலைமுடியைக் கொண்டை போட்டுக்குங்க. சல்லடை கழட்ட, பெல்ட்டைத் தொட, மெயினை ஆஃப் பண்ணி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டுத்தான் போகணும். இன்னொருத்தர் தெரியாம பட்டனை அமுக்கிட்டா விரல் திரும்ப வராது.

முள்ளைப் பாத்து ஓட்டினா வேலை மெதுவாகுமே, வந்தவங்க வேற மில்லுக்குப் போயிடுவாங்களேன்னு எங்க குழுவுலயும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஒரு டப்பாவுக்குக் கொஞ்ச நேரம் கூடுதலா ஆகுது. ஆனா நடுவுல ட்ரிப் ஆகி எல்லாரும் நிக்கிறது இல்ல. சீசன்ல டோக்கன் கொடுக்கிறோம். மிளகாயை மொறுமொறுன்னு காய வச்சுக் கொண்டு வந்தாத்தான் அரைப்போம்னு பலகையில எழுதி வச்சிருக்கோம். முதல்ல முணுமுணுத்தாங்க. தூள் நைசா வருதுன்னு இப்ப அவங்களே காய வச்சுக் கொண்டு வர்றாங்க. மில்லை வாடகைக்கு விடுற தீர்மானம் அந்த ஒரு மாசத்தோட போயிடுச்சு. கொண்டு வந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்கதான் இப்ப காலையில நோட்டு எழுதுறாங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள். ஒண்ணு, எந்தக் குழு புதுசா மெஷின் வாங்கினாலும் விலைப்புள்ளி வாங்கும்போதே ஆம்ஸ் மீட்டர், வோல்ட் மீட்டர், சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மூணும் சேத்துக் கேக்கணும். பின்னால தனியா வாங்கிக்கலாம்னு விட்டா யாரும் வாங்குறதில்ல. ரெண்டு, மெஷினை இறக்குறவங்க குழுவுல குறைஞ்சது ரெண்டு பேருக்கு மீட்டர் பாக்கவும், ட்ரிப் ஆனா என்ன செய்யணும்னும் சொல்லிக் கொடுத்து, ரிலே எண்ணை எழுதிக் கொடுத்தப்புறம்தான் கடைசிப் பணம் தரணும். மூணு, கூட்டமைப்பு செலவுல ஒரு டாங் டெஸ்டர் வாங்கி வச்சு, தேவைப்படுற குழுவுக்கு முறை போட்டுக் கொடுக்கணும். 15 குழுவும் தனித்தனியா வாங்க வேண்டியதில்ல.

அக்கா தங்கச்சிகளே, இதுல பெரிய படிப்பு ஒண்ணும் இல்ல. நான் படிச்சது பத்தாவது. சோத்துப் பானை பொங்கப் போகுதுன்னா அடுப்பைத் தணிக்கிறோம். அதே மாதிரிதான் இதுவும். நாளைக்கு ஊருக்குப் போனதும் மோட்டார் தகட்டைத் துடைச்சு, ஆம்ஸ் எண்ணைப் பாத்து, மீட்டர் மேல ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுங்க. எங்க மில்லுக்கு யார் வந்து பாக்கணும்னாலும் வாங்க, காட்டுறோம்.